ஆலப்பாக்கம் தாண்டினால் தூக்கம்

என் மகளுக்கு இரண்டு வயது நிறைவதற்குச் சற்று முன்பு அவளை நான் தனியாக ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் நான் விமானத்தில் ஏறியதே இல்லை. விமான நிலையத்துக்கே கூட ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன், என் மனைவியை வழியனுப்ப.

மனைவி நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவள். பரீட்சையெல்லாம் எழுதி முடித்து, அங்கே ஒரு மருத்துவமனையிலிருந்து வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தபோது மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். இப்போது போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் பல நாள் யோசித்தாள், அழுதாள், வேண்டாமென்றுகூடச் சொன்னாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்தான். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை எனக்கு. பெரிய பெரிய தொட்டிகளில் கொதிப்பதைப் பார்த்துக்கொள்ள முடிகிறவனுக்கு ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று நினைத்தேன்.

முடிந்தது. ஆனால் என்னால் இல்லை, என் அத்தையால். மனைவியின் அம்மா எங்கள் முதுநகர் வீட்டுக்கே வந்து தங்கிக்கொண்டார்கள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நானும் கற்றுக்கொண்டேன். தூங்க வைப்பது மட்டும் அவர்கள் வசமே இருந்தது. கூடத்து உத்தரத்துக் கொக்கியில் மனைவியின் பழைய பச்சைக் கட்டம் போட்ட நூல் புடவையில் ஏணை கட்டியிருந்தது. அத்தை அதில் போட்டு, ஒரு கையால் ஜெபமாலை உருட்டிக்கொண்டே மறு கையால் ஆட்டுவார்கள். இரண்டு மூன்று மணிகள் உருள்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். நான் ஆட்டினால் விழித்துக்கொண்டு, புடவையை விலக்கி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஆள் மாறியிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்று வரை புரியவில்லை.

எங்கள் இருவருக்கும் விசா வந்தது. அத்தைக்குக் கிடையாது. இனிமேல் குடும்பமாக அங்கேதான் என்று முடிவாகி, நான் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். இரண்டு வயதுக்குள் என்பதால் குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, மடியில்தான். சுவரில் மாட்டுகிற சின்னத் தொட்டில் சில விமானங்களில் உண்டு என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். அது கைக்குழந்தைகளுக்கு மட்டுமாம். என் மகளோ அத்தை ஊட்டிய நெய்ச்சோற்றில் நன்றாக வளர்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கப் போகிற விமானம், உத்தரமும் கிடையாது, கொக்கியும் கிடையாது, அத்தையும் கிடையாது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர், சளி மருந்தை ஒரு மூடி ஊற்றினால் போதும், இறங்குகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று வழக்கமாகக் காட்டுகிற குழந்தை டாக்டரிடம் கேட்டேன். தூங்க வைப்பதற்கு மருந்து கொடுக்கிற வேலையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். அத்தை, தானே மெட்ராஸ் வரைக்கும் வந்து விமானத்தில் தூங்க வைத்துவிட்டு இறங்கிக்கொள்ள முடியுமா என்று நிஜமாகவே கேட்டார்கள்.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நேராகவே சொல்லிவிட்டான். "மாமா, உங்களால ஆவாது. அக்காவ லீவு போட்டு வரச்சொல்லுங்க. அவுங்க வந்து கூட்டிம் போவட்டும்."

அவளுக்கு லீவு கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த 'ஆவாது' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்தபடியே மடியில் தூங்குவதற்கு அவளைப் பழக்க வேண்டும். அதை வீட்டில் பழக்க முடியாது, ஏணையைப் பார்த்ததுமே அதைக் காட்டி அழுவாள். ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும், எழுந்து ஓட முடியாததாக இருக்க வேண்டும், சுற்றிலும் ஆட்கள் இருக்க வேண்டும். அப்படி எனக்குக் கிடைத்தது சிதம்பரம் பஸ்தான். காலை ஷிப்ட் முடித்து வந்து, அவள் மதியத் தூக்கத்துக்குச் சிணுங்குகிற நேரத்தில் தூக்கிக்கொண்டு ஏறுவது, மச்சான் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது. இதுதான் திட்டம்.

முதல் நாள் பயணம் செம்மங்குப்பம் வரைக்கும்கூடச் சரியாகப் போகவில்லை. ஏறும்போதே கூட்டம். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்த நிமிடமே மகள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். பால் பாட்டிலைத் தட்டிவிட்டாள். அது சீட்டுக்கு அடியில் உருண்டு, பின்னால் இருந்த ஒருவரின் மீன் கூடையில் போய் முட்டியது. பசிக்குதா பாருங்க, சட்டையைக் கழட்டுங்க, வயித்து வலியா இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாரும் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி. குழந்தையோட அம்மா எங்க?

ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். ஜெர்மனியில் என்றதும் ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கத்தல்தான். ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது என் சட்டை முழுக்கப் பாலும் கண்ணீரும். அத்தை அவளை வாங்கி ஏணையில் போட்டார்கள். தூங்கிவிட்டாள்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை கிளம்பும்போது, ஏணைப் புடவையைத் துவைப்பதற்காக அத்தை அவிழ்த்து வைத்திருந்தார்கள். சீட்டு அழுக்காக இருக்கிறது, விரித்து உட்காரலாமே என்று அதைப் பையில் திணித்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்தது மேற்குப் பக்க ஜன்னல். குடிகாடு தாண்டியதும் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகைக்குத் தயாரானாள். நான் அவசரமாகப் புடவையை எடுத்து எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் போட்டேன்.

சட்டென்று அமைதியாகிவிட்டாள்.

புடவைக்குள் பச்சை வெளிச்சம். அவள் கட்டங்களை அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டித் துணியைத் தொட்டாள். பிறகு என் நெஞ்சில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் ஆட்டுவதால் தூங்குகிறாள் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது ஆட்டம் இல்லை, நாலு பக்கமும் துணி மூடிய அந்த இடம். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, புடவை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அசையாமல் இருந்தேன்.

ஆனாலும் தூங்கவில்லை. பஸ் நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி "இது?" என்று கேட்டாள். அந்த வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். கண்டக்டர் சொல்கிற ஊரின் பெயரை நான் அவள் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னேன். காரைக்காடு. செம்மங்குப்பம். சொன்னதும் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் என்றபோது பாதிக் கண்ணைத் திறந்தாள். புதுச்சத்திரம் வந்தபோது அவள் கேட்கவில்லை. புடவையை விலக்கிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக மச்சான் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்கு நடுவே, ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவதையெல்லாம் கையமர்த்திவிட்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தேர் போகிற மாதிரி போனேன். மச்சான் கையில் பிரித்துப்போட்ட போனோடு என்னையும் அவளையும் பார்த்தான். நிஜமாகத் தூங்குகிறாளா என்று கேட்டான். சத்தம் போடாதே என்றேன்.

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் போனோம். ஒரு நாள் சிதம்பரத்தோடு நிற்காமல் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் மாறி, கீரப்பாளையம் வரைக்கும் வயல்களைப் பார்த்துக்கொண்டு போய்வந்தோம். சில கண்டக்டர்களுக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. ஜன்னல் சீட்டு காலியாக இருந்தால் கை காட்டுவார்கள். எல்லா நாளும் தூங்கினாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்காத நாளிலும் நான் பதறவில்லை. அது எனக்குப் பெரிய முன்னேற்றம்.

கிளம்புகிற நாள் வந்தது. அத்தை வாசலில் நின்று பேத்தியின் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதார்கள். அவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னது ஒன்றுதான். "அது அழுதா நீங்களும் கூட அழுதுடாதீங்க மாப்ள. ஒருத்தராவது தெம்பா இருக்கணும்."

மச்சான் கார் பிடித்து மெட்ராஸ் வரைக்கும் கூட வந்தான். காரில் அவள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக வழியெல்லாம் அவன் குரங்கு மாதிரியும் நாய் மாதிரியும் கத்திக்கொண்டு வந்தான். விமான நிலைய வாசலில் அவளை என்னிடம் கொடுத்தபோது அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

விமானத்துக்குள் எங்களுக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் ஒரு பெரிய உருவம், தாடி வைத்த வெள்ளைக்காரர். கையில் குழந்தையோடு நான் வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்ததை நான் கவனித்தேன். தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். முன் இருக்கையில் இருந்த ஒரு தமிழ் அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது என் பெல்ட்டோடு கோத்து அவளுக்கும் ஒரு சின்ன பெல்ட் போட்டார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் அவளை யாரும் கட்டிப்போட்டதில்லை. கத்தினாள். விமானம் ஓடி மேலே எழும்பியபோது காது அடைத்திருக்க வேண்டும், கத்தல் இரண்டு பங்கு ஆனது. பாட்டிலை வாயில் வைத்தேன். துப்பினாள், மறுபடி வைத்தேன். ஒரு வாய் விழுங்கினாள், இன்னொரு வாய் விழுங்கினாள். காது திறந்திருக்கும் போலிருக்கிறது, ஆச்சரியப்பட்ட மாதிரி நிறுத்திவிட்டு மடமடவென்று பாதிப் பால் குடித்தாள்.

இனிமேல் தூங்குவாள் என்று நினைத்தேன். எங்கே? முன்னால் இருந்த திரையைத் தட்டினாள். விளக்கைப் போட்டு அணைத்தாள். பக்கத்து இருக்கைக்காரரின் தாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் மெதுவாகத் தாடியை விடுவித்துக்கொண்டார். நடக்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். தூக்கிக்கொண்டு நடைபாதையில் போய்வந்தேன். புடவையைத் தோளில் கட்டி அவளை அதற்குள் வைத்துக்கொண்டு விமானத்தின் வால் பக்கம் நின்று மெல்ல ஆட்டினேன். அவள் கண் சொருக ஆரம்பித்த நேரத்தில் விமானம் குலுங்கியது, எல்லாரும் போய் உட்காருங்கள் என்று அறிவிப்பு வந்தது. பணிப்பெண் வந்து என் தோளைத் தொட்டாள். விழித்துக்கொண்ட மகளோடு மறுபடியும் இருக்கைக்கு, மறுபடியும் அந்த பெல்ட்டுக்கு.

அப்போது சாப்பாட்டு வண்டி வந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. தட்டுகளின் சத்தம். அவள் உதடு பிதுங்கியது. எனக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அத்தை சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

புடவையை உதறி எங்கள் இருவர் தலைக்கும் மேலாகப் போட்டுக்கொண்டேன். பணிப்பெண் தட்டோடு வந்து நின்றது துணிக்குள்ளிருந்து நிழலாகத் தெரிந்தது. கையை மட்டும் வெளியே நீட்டி வேண்டாமென்று ஆட்டினேன். உள்ளே கொஞ்சம் இருட்டாகவும் கொஞ்சம் பச்சையாகவும் இருந்தது. என் மூச்சும் அவள் மூச்சும் சூடாக அடித்தது. விமானம் மறுபடி குலுங்கியபோது, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற பஸ் மாதிரிதான் இருந்தது. அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"இது?"

என்ன சொல்வது? கீழே கடல் இருக்கிறதா நிலம் இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. பச்சையாங்குப்பம் என்று சொன்னேன். தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் விட்டு, குடிகாடு என்றேன். காரைக்காடு. செம்மங்குப்பம். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் பஸ் போகிற நேரம் அளவுக்கு விட்டேன். முதுகில் கையை வைத்துக்கொண்டேன், தட்டவில்லை. ஆலப்பாக்கம் வந்தது. தூங்கவில்லை. புதுச்சத்திரம் வந்தது. கண் திறந்திருந்தது. பெரியப்பட்டு, முட்லூர், வெள்ளாத்துப் பாலம். சிதம்பரமும் வந்துவிட்டது. அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக இறங்குகிற ஊர் அதுதான். பிறகு, சிதம்பரத்தோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் அதைத் தாண்டிப் போனோமே, அந்தப் பாதையைப் பிடித்தேன். கீரப்பாளையம் என்றேன். பொத்தானைத் திருகுகிற கை நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டு, சேத்தியாத்தோப்பு என்று சொன்னேன். பதில் அசைவு இல்லை. அவள் வாய் திறந்து, என் கழுத்தில் எச்சில் ஒழுகியது. அந்த ஈரத்தைப் போல இதமான ஒன்றை என் உடம்பு அதற்கு முன் அறிந்ததில்லை.

என் முகத்திலிருந்து மட்டும் புடவையை விலக்கிக்கொண்டேன், அப்புறம் அசையவே இல்லை. இடது கை மரத்துப்போனது, பிறகு கை இருப்பதே தெரியாமல் போனது. பசித்தது. அவசரமாக எழுந்து போக வேண்டியும் இருந்தது. எதையும் பொருட்படுத்தவில்லை. விளக்குகளை அணைத்தார்கள். பக்கத்துத் தாடிக்காரர் புடவையின் ஓரத்தில் எட்டிப் பார்த்து, குழந்தை தூங்குவதைக் கண்டு, தன் படிக்கிற விளக்கையும் அணைத்துவிட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் போர்வையைச் சுருட்டி என் மரத்த கைக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்.

அந்த ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை, தூக்கம் வரவும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஏதோ ஒரு தேசத்துக்கு மேலே, ஏணை இல்லாமல், மருந்து இல்லாமல், என் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாராவது எழுந்து போகும்போது எங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் பார்க்காதபோதும் பெருமையாகத்தான் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு மறுபடியும் விளக்கைப் போட்டபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. இறங்கப்போகிறோம் என்று அறிவித்தபோதுதான் தானாகவே விழித்தாள். அழவில்லை. புடவையை விலக்கி, தாடிக்காரரைப் பார்த்து, பிறகு ஜன்னலில் வெள்ளையாகப் படர்ந்திருந்த மேகத்தைப் பார்த்தாள். முன் இருக்கை அம்மா பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"நேத்து அது போட்ட சத்தத்துல, இன்னிக்கு நமக்கு சிவராத்திரிதான்னு நெனச்சேன் தம்பி. என்ன மந்திரம் போட்டீங்க?"

பஸ் ஸ்டாப் பேரெல்லாம் சொன்னேன் என்றேன். அவர்கள் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார்கள். தாடிக்காரர் இறங்கும்போது என் கைப்பையை எடுத்துக் கொடுத்து, "குட் ஜாப்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேலையில் பல வருஷம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே மனைவி நின்றிருந்தாள். நான் பயந்திருந்த இன்னொரு விஷயம் அது. குழந்தைக்கு அடையாளம் தெரியுமா? தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கை நீட்டியதும் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனைவியின் கண் நிறைந்தது, ஆனால் கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, கெஞ்சவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நடந்தாள். ராத்திரி எப்படி இருந்தது, ரொம்பப் படுத்தினாளா என்று கேட்டாள். சேத்தியாத்தோப்பு வரைக்கும் போக வேண்டியிருந்தது என்றேன். போனில் இந்தக் கதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருந்தவள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் மகள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு ரயிலில் போக வேண்டும். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். மனைவி தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, யாரையும் கூப்பிடாமல், பொறுமையாக உரித்தாள். ஒரு சுளையின் நாரையெல்லாம் எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மகள் என் மடியிலிருந்து இறங்கினாள். இரண்டு எட்டு வைத்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுளையை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பில் ஒரு கண்ணை மூடினாள். பிறகு அடுத்த சுளைக்காக அவள் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் ஞாபகமில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"எழுந்துருங்க, எறங்கணும். பொட்டியெல்லாம் எடுக்கணும்" என்றாள் மனைவி. அவள் இடுப்பில் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் வாயைச் சுற்றியும் ஆரஞ்சுச் சாறு. நான் விட்ட குறட்டையில் எதிர் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். கதவு திறந்தது, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நான் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முன்னால் போகிற அவர்கள் பின்னாலேயே இறங்கினேன்.